சொல்லுக்கு அறுபது காசு

அஸ்தம்பட்டியில் ஜெராக்ஸ் கடைக்கு மேல்மாடி.
சொல்லுக்கு அறுபது காசு எனக்கு.
வெள்ளிக் கொலுசு, மாம்பழக் கூழ்,
முட்டிவலித் தைலம், பல்லுக்குக் கம்பி,
எதைக் கொடுத்தாலும் எண்ணூறு சொல்.
‘பாரம்பரியம்’ என்று எழுதினால் அறுபது காசு.
‘தலைமுறை தலைமுறையாக’ என்றால்
ஒரு ரூபாய் இருபது.
ஸ்கூட்டித் தவணை அப்படித்தான் கட்டினேன்,
மறைக்க ஒன்றுமில்லை.

ஆத்தூர் ரோட்டில் செங்கோடனின் ஜவ்வரிசி ஆலை.
பதினான்கு கட்டுரை தந்திருந்தேன்.
முத்துப்போல் வெண்மை, தாயன்பின் சுவை.
படித்தவர்கள் நாற்பத்தொரு பேர்.
அதில் ஒன்பது முறை நான்.
செங்கோடன் இரண்டு முறை,
அவர் மச்சான் ஒரு முறை, சரிபார்க்க.

“காசு தண்ணியாப் போவுதுங்க” என்றார்.
தொட்டியில் மாவு தெளியக் காத்திருந்தே பழகியவர்,
என் எழுத்து தெளிய
ஆறு மாதம் பொறுத்ததே பெரிசு.

அதற்குப் பிறகுதான் ஆலைக்குப் போனேன்.
முதல் முறையாக.
பதினான்கு கட்டுரையில்
ஒன்றில்கூட அந்தப் புளித்த வாடை இல்லை.

முன்னறையில் போன். போனுக்குப் பக்கத்தில் பூங்காவனம்.
ஒரு நாள் முழுக்க உட்கார்ந்தேன்.
பத்தொன்பது அழைப்பு.
ஒன்று லாரிக்காரர், ஒன்று ராங் நம்பர்.
மீதிப் பதினேழும் ஒரே கேள்வி:
‘ஊறப் போட்டா கஞ்சியாப் போவுதே, ஏன்?’
உங்கள் பாரம்பரியம் எத்தனை வருஷம் என்று
ஒரு பிள்ளை கேட்கவில்லை.

ஊறவைப்பது பற்றி எழுதினேன்.
இருநூற்றுப் பத்துச் சொல், நூற்று இருபத்தாறு ரூபாய்.
நானூற்று எண்பது வாங்குகிறவளுக்கு
உண்மை கொஞ்சம் நஷ்டம்தான்.
“கம்பெனி பேர் எங்கே?” என்றாள் தில்ஷாத்.
கடைசி வரியில்.
“அதுக்குள்ள போயிடுவாங்களே?”
ஊறப் போட்டுவிட்டுத் திரும்பி வருவாங்க.

வந்தார்கள். மூன்று வாரத்தில் ஆறாயிரம் பேர்.
செங்கோடன் முகம் மலரவில்லை.
“போன் வர்றது பாதியாக் கொறஞ்சிருச்சே?”
இதற்குப் பதில் இன்றைக்கும் எனக்குத் தெரியாது.
சரக்கு கொஞ்சம் கூடத்தான் போனது.
என்னாலா, பண்டிகையாலா,
ஆண்டவனுக்கே வெளிச்சம்.

ஏற்காட்டில் ஓர் எஸ்டேட்காரர்
மேகம் வேண்டும் என்றார். நிறையக் கொடுத்தேன்.
இருபது கொண்டை ஊசி வளைவும் இறங்குவதற்குள் குமட்டல்,
வளைவாலா மேகத்தாலா தெரியவில்லை.
அடுத்த மாதம்,
மழை விடவில்லை, காப்பிக்கொட்டை காயவில்லை,
எட்டு நாள் தாமதமாகும் என்று மட்டும் எழுதினோம்.
ஆர்டரை யாரும் ரத்து செய்யவில்லை.
ஒருவர் பதில் போட்டிருந்தார்:
எங்க வீட்டுலயும் துணி காயல.

மறுபடி ஆலைக்குப் போனபோது
பூங்காவனம் போனில் என் கட்டுரையை
வாசித்துக்கொண்டிருந்தாள்,
எதிர்முனையில் எழுத்துக்கூட்டத் தெரியாத யாருக்கோ.
‘அறை வெப்பநிலையில் நான்கு மணி நேரம்’
என்ற இடத்தில் நின்றாள்.
தாளைக் கவிழ்த்து வைத்தாள்.
“காலையில பால் காய்ச்சறப்ப ஊறப் போடுங்க,
சோத்துக்கு உலை வெக்கறப்ப எடுத்து நசுக்கிப் பாருங்க.”

அன்றிரவே என் வரியை அழித்து
அவள் வரியைப் போட்டேன்.
கட்டுரையின் அடியில் பெயர்: நிர்வாகக் குழு.

பதினொரு சொல்.
ஆறு ரூபாய் அறுபது காசு.
கணக்கை முடித்துவிடலாம் என்று
பழைய பஸ் ஸ்டாண்டில் தட்டுவடை செட்
முப்பது ரூபாய்க்குக் கட்டி எடுத்துப் போனேன்.
“எதுக்குங்க இதெல்லாம்?”
சும்மாதான்.

முதல் கடி கடித்தாள், போன் அடித்தது.
பல்லெல்லாம் பீட்ரூட்டோடு பேசினாள்.
இந்த முறை பால் இல்லை.
“உங்க வாசல்ல பேப்பர் விழுமில்ல, அப்ப ஊறப் போடுங்க.”
குரலிலேயே ஆளைப் படித்துவிடுகிறாள்.

நோட்டுக்குக் கை போனது.
போகாதே என்று சொல்லிப் பார்த்தேன்.
எடுத்தேன்.